கேட்டகரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: ஒரு ஹரிக்கேனின் பலத்தைப் படித்தறியும் முறை

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி என்ற ஹரிக்கேன் புளோரிடாவின் மேற்குக் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 240 கி.மீ., கேட்டகரி 4 (காற்றின் வேகத்தை வைத்து 1 முதல் 5 வரை கொடுக்கும் எண்). அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று லூசியானாவில் கேத்ரினா கரையேறியது. காற்று 205 கி.மீ., கேட்டகரி 3. எண்ணை மட்டும் பார்த்தால் சார்லிதான் பெரியது. ஆனால் சார்லி வந்தபோது கடல் ஏறியது சுமார் 2 மீட்டர். கேத்ரினாவின்போது பக்கத்து மாநிலமான மிசிசிப்பியின் கடற்கரையில் 8 மீட்டருக்கும் மேல் ஏறியது. நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரத்தின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது.

இந்த முரண்பாடு ஏன் வருகிறது என்று புரிந்துவிட்டால், பருவநிலை மாற்றம் புயல்களை என்ன செய்கிறது என்பதும் பாதி புரிந்த மாதிரிதான். அதற்காகத்தான் இந்தச் செய்முறை. வானிலைப் பாடம் படித்திருக்க வேண்டாம். ஒரு நோட்டு, பேனா, வர்க்கமூலம் போட ஃபோனில் கால்குலேட்டர், அவ்வளவு போதும்.

ஒரு வார்த்தை முன்கூட்டியே: அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், நம் வங்கக் கடலில் புயல். பெயர்தான் வேறு, உள்ளே நடக்கும் வேலை ஒன்றே.

படி 1: அறிவிப்பை எடுத்து ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

அட்லாண்டிக் புயல்களுக்கு மியாமியில் இருக்கும் அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அறிவிப்பு வெளியிடுகிறது. இந்திய நேரப்படி காலை 8.30, பிற்பகல் 2.30, இரவு 8.30, பின்னிரவு 2.30. கரை நெருங்கினால் இடையிலும் வரும். அறிவிப்பின் தலைப்பிலேயே புயல் இருக்கும் இடம், அதிகபட்ச நிலைத்த காற்று, நகரும் திசையும் வேகமும், மைய அழுத்தம் ஆகிய நான்கும் இருக்கும். ஐந்தாவது கொஞ்சம் கீழே, பத்திக்குள் இருக்கும்: பலத்த காற்று மையத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை வீசுகிறது என்பது. பலரும் தவறவிடுவது இதைத்தான். மறக்காமல் எழுதிவையுங்கள்.

மைலில் இருந்தால் 1.6-ஆல் பெருக்குங்கள். ‘நாட்’ என்ற கடல் அளவில் இருந்தால் 1.85-ஆல் பெருக்குங்கள். மணிக்கு இத்தனை கி.மீ. என்று கிடைத்துவிடும்.

படி 2: காற்றைக் கேட்டகரியாக மாற்றுங்கள்

மணிக்கு 119 கி.மீ. தொட்டால்தான் அது ஹரிக்கேன். 119 முதல் 153 வரை கேட்டகரி 1; 154 முதல் 177 வரை 2; 178 முதல் 208 வரை 3; 209 முதல் 251 வரை 4; 252-உம் அதற்கு மேலும் 5. மூன்றும் அதற்கு மேலும் ‘பெரும் ஹரிக்கேன்’ என்று அழைக்கப்படும்.

இந்த அளவுகோலுக்கு சஃபிர்–சிம்ப்சன் என்று பெயர். ஹெர்பர்ட் சஃபிர் ஒரு கட்டுமானப் பொறியாளர். எந்த வேகத்தில் எந்த வீடு என்னவாகும் என்பதுதான் அவருடைய கேள்வி. ஹரிக்கேன் மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்ப்சன் அதில் கடல் ஏறும் உயரத்தையும் சேர்த்தார். ஆனால் ஒரே கேட்டகரிப் புயல்கள் வெவ்வேறு கரைகளில் வெவ்வேறு உயரத்துக்குக் கடலை ஏற்றின. அதனால் 2010-இல் கடல் உயரத்தையும் அழுத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். இன்று அது முழுக்க முழுக்கக் காற்றின் அளவுகோல்.

அதுவும் எந்தக் காற்று? தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், ஒரு நிமிடச் சராசரியாக, புயலின் மிக மோசமான ஓர் இடத்தில் வீசும் காற்று. இந்திய வானிலை ஆய்வு மையம் 3 நிமிடச் சராசரி எடுக்கிறது. உலகின் வேறு பல மையங்கள் 10 நிமிடம். சராசரி எடுக்கும் நேரம் நீளும்போது எண் குறையும். அதனால் அமெரிக்க எண்ணையும் நம்முடைய எண்ணையும் பக்கத்தில் வைத்து எது பெரிய புயல் என்று அப்படியே ஒப்பிடக் கூடாது. செய்தித்தாள்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

படி 3: அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

நடுக்கடலில், 10 மீட்டர் உயரத்தில், புயலின் ‘கண்’ எனப்படும் அமைதியான நடுப்பகுதியைச் சுற்றி நிற்கும் மேகச் சுவருக்குள் யாரும் காற்றுமானி நட்டுவைக்கவில்லை. அப்படியென்றால் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது?

அட்லாண்டிக்கில் விமானம் போகிறது. 1943-லேயே புயலின் கண்ணுக்குள் விமானம் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். இப்போது சுமார் 3 கி.மீ. உயரத்தில் புயலைக் குறுக்கும் நெடுக்கும் கடந்து, வழியில் ஒரு முழ நீளமுள்ள குழாய்களைக் கீழே போடுகிறார்கள். சிறு பாராசூட்டோடு கடல் வரை விழும் அந்தக் குழாய், விழும் நேரம் முழுவதும் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே போகும். விமானத்தின் அடியில் இன்னொரு கருவி உண்டு. காற்று பலமானால் கடலில் நுரை கூடும். அந்த நுரை வெளிவிடும் மைக்ரோவேவ் கதிரை வைத்து அது காற்றைக் கணக்கிடும். விமானம் பறக்கும் உயரத்தில் அளந்த காற்றில் ஏறத்தாழ 90 சதவீதம் கீழே வீசும் என்பதும் ஒரு கணக்கு.

விமானம் போகாத கடல்களில், வங்கக் கடல் உட்பட, செயற்கைக்கோள் படம்தான் வழி. 1970-களில் வெர்னன் டுவோராக் வகுத்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மேகச் சுருள் எவ்வளவு இறுகியிருக்கிறது, கண் தெரிகிறதா, கண்ணைச் சுற்றிய மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து 1 முதல் 8 வரை ‘டி எண்’ கொடுப்பார்கள். டி 4 என்றால் சுமார் 65 நாட், டி 6 என்றால் 115. நம் வானிலை மையத்தின் புயல் அறிக்கையில் இந்த டி எண்ணைப் பார்க்கலாம்.

ஆக, கேட்டகரி என்பது கைதேர்ந்தவர்களின் மதிப்பீடு. 5 நாட் கணக்கில் முழுமைப்படுத்தித்தான் சொல்வார்கள். பின்னால் திருத்துவதும் உண்டு. 1992-இல் மியாமிக்குத் தெற்கே கரையேறிய ஆண்ட்ரூ, பத்து ஆண்டு கழித்து 2002-இல் கேட்டகரி 4-லிருந்து 5-ஆனது. 2018-இன் மைக்கேலுக்கும் அடுத்த ஆண்டு அதே திருத்தம் நடந்தது. பழைய புயல்களையும் இன்றைய புயல்களையும் ஒப்பிடும்போது இந்த விஷயம் மறுபடி வரும். நினைவில் வையுங்கள்.

படி 4: அழுத்தத்தையும் உடம்பையும் சேர்த்துப் பாருங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நோட்டைத் திறந்து கூடவே கணக்குப் போடுங்கள்.

கடல் மட்டத்தில் சாதாரண அழுத்தம் சுமார் 1010 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். புயலின் மையத்தில் அது குறையும். குறைவு அதிகமானால் வெளிக்காற்று உள்ளே பாயும் வேகமும் அதிகம். இந்திய வானிலைத் துறையில் இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு: அழுத்தக் குறைவின் வர்க்கமூலத்தை 14.2-ஆல் பெருக்கினால் காற்று நாட் கணக்கில் கிடைக்கும். நம் கடல்களுக்காக உருவான சூத்திரம்தான், ஆனாலும் பயிற்சிக்காக அட்லாண்டிக்கில் போட்டுப் பார்ப்போம்.

சார்லி: மைய அழுத்தம் 941. குறைவு 69. வர்க்கமூலம் 8.3. விடை ஏறத்தாழ 118 நாட். உண்மையில் பதிவானது 130.

கேத்ரினா: மைய அழுத்தம் 920. குறைவு 90. வர்க்கமூலம் 9.5. விடை 135 நாட். உண்மையில் பதிவானது 110.

ஒன்றில் குறைத்துச் சொல்கிறது, மற்றதில் கூட்டிச் சொல்கிறது. சூத்திரத்தின் பிழை என்று விட்டுவிடாதீர்கள். இந்த வித்தியாசத்தில்தான் பாடமே இருக்கிறது. சார்லி மிகச் சிறிய புயல். அதன் அழுத்தச் சரிவு குறுகிய தூரத்துக்குள், செங்குத்தான படிக்கட்டுபோல இறங்கியது. அதனால் சிறிய இடத்தில் கடுமையான காற்று. கேத்ரினாவின் அழுத்தம் அதைவிட ஆழம். ஆனால் அந்த ஆழம் மிகப் பரந்த வட்டத்தில் சாய்வாகப் பரவிக் கிடந்தது. உச்சக் காற்று குறைந்தாலும் தள்ளப்பட்ட கடல் பல மடங்கு அதிகம். போதாததற்கு, முந்தைய நாள்தான் மெக்சிகோ வளைகுடாவில் அது கேட்டகரி 5-ஆக இருந்தது. அப்போது எழுப்பிய அலைகள் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. மிசிசிப்பி கரையை ஒட்டிய கடல் அதிக ஆழமில்லாதது. தள்ளப்பட்ட தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே ஏறியது.

அதனால் எந்தப் புயலைப் பார்த்தாலும் காற்று, மைய அழுத்தம், பரப்பு மூன்றையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருந்தும் காற்று அதற்கேற்ற அளவில் இல்லையா? அது பெரிய உடம்புக்காரப் புயல். கடலோரத்தில் இருப்பவர்கள் கேட்டகரியைப் பார்த்து நிம்மதி அடையவே கூடாது.

படி 5: தண்ணீரைத் தனியாக எழுதுங்கள்

அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை ஹரிக்கேன்களும் வெப்பமண்டலப் புயல்களும் நேரடியாகப் பறித்த உயிர்களில் பத்தில் ஒன்பது தண்ணீரால் போனவை. பாதி கடல் ஏறியதால், கால்வாசிக்கும் மேல் மழை வெள்ளத்தால். காற்றின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் கேட்டகரி எண்ணில் தண்ணீருக்கு இடமே இல்லை.

2017-இல் ஹார்வி டெக்சாஸில் கேட்டகரி 4-ஆகக் கரையேறி, உள்ளே போனதும் பலம் குன்றி ஹரிக்கேன் என்ற பட்டத்தையே இழந்தது. அதற்கப்புறம்தான் பெரும் அழிவு. நகராமல் ஒரே வட்டாரத்தில் நாள்கணக்கில் சுற்றியது. நீடர்லாந்து என்ற ஊரில் மொத்தம் 1539 மி.மீ. மழை. சென்னையில் ஒரு முழு ஆண்டில் பெய்யும் சராசரி மழையே சுமார் 1400 மி.மீ.தான். நாம் இதைச் சிறிய அளவில் பார்த்திருக்கிறோம்: 2024-இல் ஃபெஞ்சல் ‘புயல்’ என்ற முதல் படியைத் தாண்டவில்லை, ஆனால் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது.

இதை முன்கூட்டி ஊகிக்க, அறிவிப்பில் நகரும் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் கேட்டகரி எதுவானாலும் மழைக்குத் தயாராக வேண்டிய புயல் அது.

படி 6: இப்போது பருவநிலை மாற்றத்தை அருகில் வையுங்கள்

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் “இது பருவநிலை மாற்றத்தால்தானா?” என்று கேட்கிறோம். கேள்வியைப் பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

மிக உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்போம். கடல் மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகச் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. புயல் தள்ளும் தண்ணீர் இந்த உயர்ந்த மட்டத்தின் மேல் நின்றுதான் ஏறுகிறது. புயல் கொஞ்சமும் பலப்படாவிட்டால்கூட வெள்ளம் உள்ளே போகும் தூரம் கூடும்.

அடுத்து மழை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஹார்வியின் மழையைப் பல ஆய்வுக் குழுக்கள் பரிசோதித்தன. புவி வெப்பமடையாத உலகம், இன்றைய உலகம் இரண்டையும் வைத்து ஒப்பிடுவார்கள். ஒரு குழு, அந்த மழை சுமார் 15 சதவீதம் கூடியிருப்பதாகக் கண்டது. வேறொரு குழுவின் கணக்கு இன்னும் அதிகம். 7 எப்படி 15 ஆனது? நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம்தான் புயலின் எரிபொருள். அதிக நீராவி, அதிக வெப்பம், பலமான சுழற்சி. அந்தச் சுழற்சி சுற்றுவட்டத்திலிருந்து இன்னும் ஈரத்தை இழுக்கிறது.

அப்புறம் காற்று. புயல் பிறந்து வளரக் கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ரி இமானுவேல் 1980-களில் புயலை ஒரு வெப்ப எந்திரமாகக் கொண்டு, கடலின் வெப்பத்துக்கும் மேல்வானத்தின் குளிருக்கும் உள்ள வித்தியாசம் அதன் உச்ச வேகத்தை முடிவு செய்கிறது என்று காட்டினார். புவி 2 டிகிரி சூடானால் உச்சக் காற்று சராசரியாக 5 சதவீதம் அளவுக்குக் கூடும் என்கின்றன ஆய்வுகள். ஐந்துதானே என்று தோன்றும். காற்றின் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 1.05-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 1.16. அதாவது 16 சதவீதம்.

பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அரசுகளுக்கிடையேயான குழு தன் 2021 அறிக்கையில், கடந்த நாற்பது ஆண்டுகளில் மொத்தப் புயல்களில் கேட்டகரி 3 முதல் 5 வரையிலானவற்றின் பங்கு கூடியிருக்கக்கூடும் என்று சொல்கிறது. ‘பங்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று அது சொல்லவில்லை. உலக அளவில் எண்ணிக்கை மாறாமல் இருக்கலாம், குறையவும் செய்யலாம். படி 3-இல் நினைவில் வைக்கச் சொன்னது இங்கேதான் வருகிறது: செயற்கைக்கோளுக்கு முந்தைய காலத்தில் கப்பல் எதுவும் போகாத கடலில் உருவாகி மறைந்த புயல்களை யாரும் எண்ணவில்லை. அட்லாண்டிக்கில் 1980-களுக்குப் பிறகு கூடியதில் இன்னொரு காரணமும் கலந்திருக்கிறது. தொழிற்சாலைப் புகை குறைந்து வானம் தெளிந்ததால் கடலில் விழும் வெயில் கூடியது. ஆகவே “பருவநிலை மாற்றத்தால் புயல்கள் பெருகிவிட்டன” என்று எழுதாதீர்கள். “வரும் புயல்களில் பலமானவை அதிகமாகின்றன, தண்ணீர் அதிகமாகிறது” என்று எழுதுங்கள். அதுதான் சரி.

எனக்குக் கவலை தருவது வேகமான வளர்ச்சி. 24 மணி நேரத்தில் காற்று 55 கி.மீ. கூடினாலே அதைத் திடீர் தீவிரம் என்பார்கள். 2023 அக்டோபரில் ஓட்டிஸ், சாதாரணப் புயல் நிலையிலிருந்து ஒரே நாளில் கேட்டகரி 5 ஆகி, நள்ளிரவில் மெக்சிகோவின் அகபுல்கோ நகரத்தின் மேல் ஏறியது. முந்தைய நாள் காலை அறிவிப்பைப் படித்தவர்கள் ஊரைவிட்டுப் போக நினைத்திருக்க மாட்டார்கள். சூடான கடல் இத்தகைய பாய்ச்சலுக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது.

2024-இல் மைக்கேல் வேனர், ஜேம்ஸ் கோசின் என்ற இரு அறிவியலாளர்கள், 309 கி.மீ.க்கு மேற்பட்ட காற்றுக்குக் கேட்டகரி 6 என்று ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆராய்ந்தார்கள். 2013 முதல் ஐந்து புயல்கள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டன. அவற்றில் ஹையானும் பட்ரீசியாவும் உண்டு. புவி சூடாவதைக் காட்ட அது நல்ல வழிதான். ஆனால் கரையோர மக்களை எச்சரிக்க இன்னொரு காற்று எண் உதவும் என்று நான் நினைக்கவில்லை. 5-ஐக் கேட்டு நகராதவர் 6-ஐக் கேட்டு நகர்வாரோ என்னவோ; ஆனால் 6 வந்துவிட்டால் 2-ஐக் கேட்பவர் இன்னும் அலட்சியமாவார்.

படி 7: ஒரு பழைய புயலில் பழகிப் பாருங்கள்

2024-இன் ஹெலீனை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 26 இரவு புளோரிடாவின் ‘பிக் பெண்ட்’ கரையில் ஏறியது. காற்று 225 கி.மீ., எனவே கேட்டகரி 4. அழுத்தம் 940-க்குச் சற்றுக் கீழே. சூத்திரத்தைப் போட்டால் 119 நாட் வரும். உண்மையான 120-க்கு மிக அருகில். பரப்பு மிகப் பெரியது. நகரும் வேகமும் அதிகம், அதனால் கரையேறிய பிறகும் பலமிழக்கக் கால அவகாசம் இல்லாமல் வெகுதூரம் உள்ளே போனது.

இப்போது வரைபடத்தில் கரையேறிய இடத்திலிருந்து வடக்கே விரலை நகர்த்துங்கள். சுமார் 600 கி.மீ. தாண்டி மலைகளுக்கு நடுவே ஆஷ்வில் இருக்கிறது. கடல் எங்கே என்றே தெரியாத ஊர். அந்த மலைப் பகுதியில் ஹெலீன் வருவதற்கு முன்பே மழை பெய்து மண் ஊறியிருந்தது. புஸிக் என்ற இடத்தில் 780 மி.மீ. பதிவானது. ஆறுகள் கரை மீறிச் சாலைகளையும் பாலங்களையும் குடிநீர்க் குழாய்களையும் கொண்டுபோயின. இந்தப் புயலில் இறந்தவர்கள் 200 பேருக்கும் மேல். அதிகம் பேர் இறந்தது கரையேறிய புளோரிடாவில் அல்ல, இந்த மலைகள் இருக்கும் வட கரோலினாவில். உங்கள் நோட்டில் ‘தண்ணீர்’ என்ற வரிக்கு நேரே இதை எழுதுங்கள். மேலே ‘கேட்டகரி’ என்ற வரியில், ஆஷ்வில்லை அடைந்தபோது அது ஹரிக்கேனாகவே இல்லை என்பதையும் எழுதுங்கள்.