டம்மி மாறி: யாரோடு ஒப்பிடுகிறோம்?

ஓர் அளவு மற்றவற்றைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் ரெக்ரஷன் கேட்பது எண். நம் கையில் இருப்பதோ பெயர்கள். அந்தப் பெயர்களை மென்பொருள் எப்படி எண்ணாக்குகிறது? புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருளோடு கூடவே வரும் பிளான்ட்குரோத் தரவில் பார்ப்போம். 30 செடிகள், குழுவுக்குப் பத்தாக மூன்று குழுக்கள்: எந்தச் சிகிச்சையும் தராத கன்ட்ரோல், அப்புறம் இரண்டு சிகிச்சைக் குழுக்கள். அளந்தது உலர் எடை.

படி 1: முதலில் குழுச் சராசரிகளை எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் 5.032, முதல் சிகிச்சை 4.661, இரண்டாவது 5.526.

படி 2: ரெக்ரஷனுக்கான எல்எம் (lm) கட்டளையில், எடை குழுவைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று ஓட்டுங்கள். மூன்று வரிகள் வரும்: வெட்டுத்துண்டு (intercept) 5.032, முதல் சிகிச்சை -0.371, இரண்டாவது 0.494. கன்ட்ரோலைக் காணோமே என்று தேடாதீர்கள், வெட்டுத்துண்டே அதுதான். மற்ற இரண்டும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைத்தான் கெழுக்கள், அதாவது அந்த வரிகளில் உள்ள எண்கள், சொல்கின்றன. தாளைப் பார்த்துக் கழித்துப் பாருங்கள், சரியாக வரும்.

உள்ளே நடந்தது இது: ஒவ்வொரு செடிக்கும் 0, 1 மட்டும் வரும் இரண்டு பத்திகள்; இவைதான் டம்மி மாறிகள். கன்ட்ரோல் செடிக்கு 0, 0. முதல் சிகிச்சைக்கு 1, 0. இரண்டாவதற்கு 0, 1. மூன்றாவது பத்தி ஏன் இல்லை? மூன்றையும் கூட்டினால் எல்லாச் செடிக்கும் 1 வரும். வெட்டுத்துண்டின் பத்தியும் அதே 1தான். சொன்னதையே இரண்டு முறை சொன்னதாகிவிடும்.

படி 3: பி மதிப்புகளைப் பாருங்கள்; உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு அது. 0.194, 0.088. 0.05-க்குக் கீழே போனால் ஆர் போடும் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. முதன்முறை இதைப் பார்த்தபோது "ஒன்றும் இல்லை" என்று மூடிவைத்தவன் நான். கடைசி வரியில், மூன்று குழுக்களும் ஒன்றுதானா என்று மொத்தமாகக் கேட்கும் எஃப் சோதனை, பி மதிப்பு 0.016 என்று சொல்லிக்கொண்டிருந்தது. முதல் சிகிச்சையில் எடை இறங்கியிருக்கிறது, இரண்டாவதில் ஏறியிருக்கிறது. பெரிய இடைவெளி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அதை நாம் கேட்கவே இல்லை.

ரீலெவல் கட்டளையால் முதல் சிகிச்சையை அடிப்படைக் குழுவாக்கி, அதாவது மற்றவற்றை அதோடு ஒப்பிடும்படி, மறுபடி ஓட்டுங்கள். இப்போது இரண்டாவதன் கெழு 0.865, பி மதிப்பு 0.004. மாடல் மாறவில்லை; கணிப்புகளும், எடையின் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மாடல் விளக்குகிறது என்று சொல்லும் ஆர்-ஸ்கொயரும் அப்படியே இருக்கின்றன. மாறியது கேள்வி மட்டும். அதற்காக அடிப்படையை மாற்றி மாற்றி ஓட்டி, நட்சத்திரம் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொள்வது கள்ள ஆட்டம். எல்லா ஜோடிகளையும் பார்க்க, பல ஒப்பீடுகளுக்கு ஏற்பப் பி மதிப்பைத் திருத்தும் டூக்கி முறை இருக்கிறது. அதில் இதே ஜோடிக்குப் பி மதிப்பு 0.012.

இன்னொன்று. கன்ட்ரோல் அடிப்படையானது அகரவரிசையில் அது முன்னால் வந்ததால்தான், வேறு காரணம் இல்லை. ஆர் முதல் வகையை எடுக்கும். சாஸ், எஸ்பிஎஸ்எஸ் என்ற வேறு இரண்டு மென்பொருள்களிலும் இதே வேலையைச் செய்யும் ஜிஎல்எம் கடைசி வகையை எடுக்கும். நண்பரின் கெழுவுக்குக் குறி மாறியிருந்தால் சண்டை போடும் முன் இதைச் சரிபாருங்கள்.

படி 4: குழுக்களை 1, 2, 3 என்று பதிந்திருந்தால் கவனம். ஆர் அவற்றை அளவு என்றே நினைத்து ஒரே நேர்கோட்டைப் போடும். அந்தக் கோடு முதல் சிகிச்சைக்குக் கணிப்பது 5.073, உண்மையான சராசரி 4.661. இவை எண்கள் அல்ல, வகைகள் என்று சொல்லும் ஃபேக்டர் கட்டளைக்குள் போட்டு அனுப்பினால் சரியாகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: மூன்று வகைக்கு, வெட்டுத்துண்டு போக, இரண்டு வரிகள் வர வேண்டும். ஒன்றுதான் வந்தது என்றால் ஃபேக்டர் போட மறந்துவிட்டீர்கள்.