ஊருக்குப் போனால் வேலியில் எதைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது

நல்லூர்த் திருவிழாவை ஒட்டிப் போனால் யாழ்ப்பாணத்து வேலிகள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். மார்கழி விடுமுறையில் போகிறவர்களுக்குத்தான் யோகம். மாரி மழைக்கு முசுட்டைக் கொடி வேலியெங்கும் ஏறியிருக்கும். இலையைச் சுருட்டி மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூவோடு வறுத்து, இறக்கும்போது தேசிக்காய்ப் புளி விட்டால் சோற்றுக்கு வேறு கறி வேண்டாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் இந்த வறையைக் கொடுத்துப் பாருங்கள். தூதுவளை இலையில் முள் இருக்கும், அதை நீக்கித்தான் அரைக்க வேண்டும். பிரண்டை தொட்டாலே கை கடிக்கும். நாரை உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, பழப்புளி சேர்த்தால் அடங்கும். அரைகுறையாக வதக்கினால் தொண்டை அரிக்கும்.

அதே வேலியில்தான் நஞ்சும் வளர்கிறது. அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன்: அந்த வளவில் வருடக்கணக்காகப் பறித்துச் சமைக்கும் ஒருவர் கையால் பறித்துத் தராத எதையும் வாயில் வைக்காதீர்கள். ஃபோனில் படம் பிடித்துப் பெயர் சொல்லும் செயலியை நம்பிக் கீரை சமைக்கவே கூடாது.

கார்த்திகைப்பூ எல்லோரும் படம் எடுக்கும் பூ. எடுங்கள். ஆனால் அதன் கிழங்கை வற்றாளைக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு உடனே வேலை காட்டாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பிழைத்தவர்களுக்கும் பிறகு தலைமயிர் கொட்டுவதுண்டு.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் மஞ்சள் அலரியையும் குண்டுமணியையும் முதல் நாளே காட்டிக் கொடுங்கள். அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு, விதை மிக மோசம், அது இதயத் துடிப்பையே குழப்பிவிடும். சிவப்பும் கறுப்புமான குண்டுமணியைக் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, லண்டனிலிருந்து வந்த பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எருக்கலம்பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, வைத்தியரிடம் காட்டுங்கள்.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். தின்ற செடியின் ஒரு துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.

அப்புறம், மருந்து. குறிஞ்சா நல்ல கீரை. ஆனால் அது இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றோடு கொஞ்சம் வறை தின்னலாம், தினமும் சாறு குடிப்பதென்றால் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். ஆடாதோடை இருமலுக்குப் பழைய மருந்து, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகையை யார் சிபாரிசு செய்தாலும் மறுத்துவிடுங்கள். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, புற்றுநோயையும் வரவழைக்கும்.

வைகாசி, ஆனியில் போகிறவர்கள் வன்னியில் பாலைப்பழம் தின்னாமல் திரும்பாதீர்கள். பால் உதட்டில் ஒட்டும், பரவாயில்லை. வீதியோரம் விற்பவர்களிடம் வாங்குங்கள். பழத்துக்காகத் தெரியாத காட்டுக்குள் இறங்க வேண்டாம். முகமாலை போன்ற இடங்களில் போர் விட்டுச்சென்ற மிதிவெடிகளை அகற்றும் வேலை பல வருடங்களாக நடந்து வருகிறது. சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அதற்கப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

திரும்பி வரும்போது காய்ந்த இலை, விதை, கிழங்கு எதையாவது பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். அவுஸ்திரேலியாவில் மறைத்துப் பிடிபட்டால் பெரிய தண்டம் கட்ட வேண்டி வரும்.