தோட்டத்துக்கு இணையம்: கூட்டு எங்கே முறிகிறது?

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு இணைய வசதி செய்துதர முன்வருவோருக்குக் குறைவில்லை. கணினிகள் வந்திறங்கும், நாடா வெட்டுவார்கள், படம் பிடிப்பார்கள். கொஞ்ச நாளில் கணினி அறைக்குப் பூட்டு விழும். கருவிக்கு முன்பே, உதவ வந்தவர்களுக்கும் தோட்டத்துக்கும் இடையிலான கூட்டு பழுதாகிவிடுவதுதான் வழக்கம்.

நிலம் யார் கையில் என்று பாராமல் இறங்குவது பெருந்தவறு. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களைக் கம்பனிகள் நடத்துகின்றன. லயமும் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) அது நிற்கும் நிலமும் அநேகமாகக் குடியிருப்பவர் பெயரில் இல்லை. கம்பம் நடுவதற்கும் கேபிள் இழுப்பதற்கும் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். துரை, அதாவது தோட்ட முகாமையாளர், வாய்வார்த்தையாகச் சம்மதித்தால் போதாது. அவர் மாற்றலாகிப் போனால் புதிய துரை கடிதம் எங்கே என்பார். உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபையையும் ஒதுக்கிவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவிட முடியாதென்று சபைகள் நெடுங்காலம் கைவிரித்தன. தோட்டங்களிலும் செலவிட இடமளித்து 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பழைய பதிலே இன்னும் வரக்கூடும் என்பதால், திருத்தத்தின் பிரதியோடு போவது நல்லது.

சிக்னல் விஷயத்தில் தொலைபேசி நிறுவனங்களின் வரைபடத்தை நம்பவே கூடாது. தோட்டத்தின் மேற்பிரிவில் நன்றாக எடுக்கும். ஒரு முகடு குறுக்கே நின்றால் பள்ளத்து லயத்தில் ஒன்றும் எடுக்காது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் மலையேறிப் பாடம் இறக்கியது இதனால்தான். ஒவ்வொரு லயத்திலும், எல்லோரும் போனை எடுக்கும் இரவு வேளையில் சோதித்துப் பாருங்கள். 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங் என்ற செயற்கைக்கோள் இணையத்துக்குக் கோபுரம் வேண்டாம்; ஆனால் சவுக்கு மரங்கள் மறைக்காத திறந்த வானம் வேண்டும், மாதக் கட்டணமும் உண்டு.

காலையில் திறந்து மாலை நான்கு மணிக்கு மூடும் இணைய நிலையத்துக்குக் கொழுந்து பறிக்கும் பெண் எப்போது வருவாள்? இதை யோசிக்காமல், பெண்கள் வருவதில்லை என்று அறிக்கை எழுதுவது அபத்தம். சாவியையும் கடவுச்சொல்லையும் ஒரே தொழிற்சங்கத் தலைவரிடம் ஒப்படைத்தாலும் சிக்கல்தான். மற்றச் சங்கத்துக் குடும்பங்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது. மாதர் சங்கம், பாடசாலை, இரண்டு தொழிற்சங்கங்களின் ஆட்கள் எனப் பலர் இருக்கும் சிறு குழுவிடம் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் பலர் எழுதாமல் விடும் வரி ஒன்று உண்டு: நன்கொடை தீர்ந்த மாதத்திலிருந்து டேட்டாவுக்கும் மின்சாரத்துக்கும் பணம் கட்டுவது யார்? பெயரும் தொகையும் அதில் வராதவரை கையெழுத்துப் போடாதீர்கள்.