கிளெய்மில் ஒரு சொல்: அமெரிக்க மேல்முறையீட்டில் அதன் பொருளை நிறுவுவது எப்படி

காப்புரிமை எதுவரை செல்லும் என்று எல்லை வகுக்கும் வாசகமே கிளெய்ம். காப்புரிமை வழக்கு, அமெரிக்காவில் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போகும்போது சண்டை பெரும்பாலும் கிளெய்மின் ஒன்றிரண்டு சொற்களில் வந்து நிற்கும். கீழ் நீதிமன்றம் தந்த பொருளையும் நீங்கள் கேட்கும் பொருளையும் அருகருகே எழுதுங்கள். உங்கள் பொருளை ஏற்றாலும் தீர்ப்பு மாறாது என்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். முதல் வாதவுரைக்கு 14,000 சொற்கள்தான் வரம்பு. கீழே சொல்லாத புதுப் பொருளை மேலே கொண்டுபோனால் பொதுவாக எடுபடாது.

அடுத்து, நீதிபதி எதை வைத்து முடிவு செய்தார் என்று பாருங்கள். கிளெய்ம், விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதி), விண்ணப்பக் கோப்பு (காப்புரிமை அலுவலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து) ஆகியவற்றை மட்டும் படித்து முடிவு செய்திருந்தால் மேல் நீதிமன்றம் புதிதாகவே ஆராயும். நிபுணர் சாட்சியத்தை நம்பி ஓர் உண்மையைத் தீர்மானித்திருந்தால், அதில் அப்பட்டமான பிழை இருந்தால்தான் கைவைக்கும். 2015-இல் டெவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆகவே மேல்முறையீடு செய்பவர் காப்புரிமை ஆவணங்களே விடை சொல்கின்றன என்று காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு நிபுணரைப் பிடித்துக்கொள்ளும்.

படிக்கும் வரிசை 2005-இன் ஃபிலிப்ஸ் தீர்ப்பில் இருக்கிறது. அதில் சிக்கல் ‘பேஃபிள்’ என்ற சொல். சுவருக்குள் இருக்கும் அந்த எஃகுத் தகடுகள் 90 டிகிரியில் நிற்கலாமா? முதல் கிளெய்மோடு கூடுதல் நிபந்தனை சேர்க்கும் சார்பு கிளெய்ம் ஒன்று, தோட்டாவைத் திசைதிருப்பும் கோணத்தைத் தனியாகக் கேட்டிருந்தது. அப்படியானால் முதல் கிளெய்மில் அந்த நிபந்தனை இல்லை என்பதே இயல்பான வாசிப்பு. விவரக்குறிப்பில் உள்ள ஓர் உதாரணத்தைக் கிளெய்முக்குள் திணிப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ஆனால் ‘இந்தக் கண்டுபிடிப்பு என்பது’ என்று விண்ணப்பதாரரே எல்லை கட்டியிருந்தால் அது அவரைக் கட்டுப்படுத்தக்கூடும். காப்புரிமை பெறுவதற்காகப் பரிசோதகரிடம் தெளிவாக விட்டுக்கொடுத்ததையும் பிறகு திரும்பக் கேட்க முடியாது.

சின்னச் சொற்களை அலட்சியம் செய்யாதீர்கள். ‘கம்ப்ரைசிங்’ (உள்ளடக்கியது) என்றால் கூடுதல் பாகங்கள் இருக்கலாம். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ (இவை மட்டுமே கொண்டது) கதவைச் சாத்திவிடும். 2004-இன் செஃப் அமெரிக்கா வழக்கில், மாவை 400 முதல் 850 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பநிலை‘க்கு’ச் சூடாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அடுப்பு அந்த வெப்பநிலை‘யில்’ இருக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். எழுதியபடி செய்தால் மாவு கருகிப்போகும். இருந்தும் நீதிமன்றம் கிளெய்மைத் திருத்தி எழுத மறுத்தது. ஒரு வேற்றுமை உருபுக்கு அவ்வளவு விலை!

மீறலை நிரூபிக்கப் பொருளை விரிக்கும்போது, விண்ணப்பத்துக்கு முன்பே இருந்த தொழில்நுட்பமும் உள்ளே விழுகிறதா என்று சோதியுங்கள்; விழுந்தால் காப்புரிமையே செல்லாமல் போகலாம். மீறலுக்கும் செல்லுபடிக்கும் பொருள் ஒன்றுதான்.

காப்புரிமை அலுவலக வாரியத்தின் பழைய முடிவு எதையாவது மேற்கோள் காட்டுவதானால் மனுத் தேதியைப் பாருங்கள். 2018 நவம்பர் 13-க்கு முன் தாக்கலான மறுஆய்வு மனுக்களில், காலாவதியாகாத காப்புரிமைக்கு வாரியம் ‘நியாயமான அதிகபட்ச விரிவு’ என்ற வேறு அளவுகோலைப் பயன்படுத்தியது. அங்கே ஒரு சொல் பெற்ற பொருள் நீதிமன்றத்தில் அப்படியே செல்லாது.