கால் விரல் கறுக்கும் முன்பே பார்க்க வேண்டியவை

சர்க்கரை நோய் உள்ளவர்களும் புகைப்பவர்களும் தினமும் இரவில் பாதத்தைப் பார்க்க வேண்டும். விரலிடுக்கு, குதிகால், நக ஓரம் எதையும் விடாதீர்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பெருவிரல் நுனியை 5 வினாடி அழுத்தி விடுங்கள். இயல்பிலேயே கருநிறத் தோல் என்றால் வெளுப்பு சரியாகத் தெரியாது, விரலின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேல் ஆனால் இரத்த ஓட்டம் மந்தமாக இருக்கலாம்.

இரண்டு புளோக் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறதா? வயதாகிவிட்டது என்று தள்ளாதீர்கள். தமனி அடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனை பற்றிப் பலதுறை மருந்தக மருத்துவரிடம் கேளுங்கள். விகிதம் 0.9க்குக் கீழே போனால் அடைப்பு என்று கொள்வார்கள். சர்க்கரையால் தமனி கெட்டிப்பட்டிருந்தால் எண் பொய்யாக உயரும். அப்போது கால்விரல் அழுத்தத்தை அளக்க வேண்டும்.

மரத்த காலை வெந்நீரில் வைக்கவே கூடாது. சூடு உறைக்காது, கொப்புளம் எழும், ஓட்டமில்லாத இடத்தில் புண் ஆறாது. உச்சி வெயிலில் கோயில் வெளிப்பிராகாரத்தில் வெறுங்காலோடு நடப்பதும் அதே ஆபத்து. தீமிதி இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

விரல் வற்றிச் சுருங்கிக் கறுத்தால் உலர் அழுகல். அன்றே மருத்துவரைப் பாருங்கள். வீங்கி, நாற்றத்தோடு நீர் கசிந்து, காய்ச்சலும் வந்தால் ஈர அழுகல். கிருமி இரத்தத்தில் பரவிவிடும். அதற்கும், கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டு வலித்தாலும் உடனே சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள்.