திட்டம் கலைந்த ஞாயிறு: கடைசியில் கைகொடுத்த வழி

மழையோ, கடைசி நேரத்தில் வேறு வேலையோ வந்து வெளியே போகும் திட்டம் கலைந்தால், எங்களுக்கு அந்த ஞாயிறே அம்பேல். “சரி, வேற என்ன பண்ணலாம்?” என்ற பேச்சிலேயே மதியம் ஆகிவிடும். பிறகு ஆளுக்கொரு மூலையில் போனும் கையுமாக.

மாற்றுத் திட்டங்களை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் யாராவது முகம் சுளித்தார்கள். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்தால் ஆளுக்கொரு பக்கம் ஓட்டு. படம் பார்க்கலாம் என்றால், எந்தப் படம் என்று தனிப் பஞ்சாயத்து.

அப்புறம்தான் கவனித்தேன். ‘போகவில்லை’ என்றதும் எல்லாரும் முதலில் செய்வது உடை மாற்றுவது. பழைய டீ-சர்ட்டுக்குள் புகுந்தவரைச் சோபாவிலிருந்து கிளப்ப முடியாது!

இப்போது திட்டம் ரத்தானாலும் உடை மாற்றக் கூடாது. கிளம்ப வேண்டிய அதே நேரத்துக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறோம், குடையோடு தெருமுனை வரையாவது. அடுத்து என்ன என்பதை அங்கே நின்று ஒரு வாரம் சின்னவள் சொல்வாள். மற்றவர்கள் மறுக்கக் கூடாது; அவரவர் முறை அடுத்தடுத்த வாரம் வரும். யாருக்காவது காய்ச்சல் என்றால் மட்டும் இதெல்லாம் செல்லாது, அன்று ஓய்வுதான்.