புரத எந்திரம் வடிவமைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஈரோடு, பொள்ளாச்சி, கோபி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கோவைக்கு வந்து புரத எந்திரம் (அசைந்து வேலை செய்யும்படி வடிவமைத்த புரதம்) செய்ய எங்கள் ஆய்வகத்தில் சேரும் மாணவர்கள், நான் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். கோப்பில் ஒரு எழுத்து விடுபடுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும்.

உறுதியை மட்டும் பார்ப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல். ஒரு மாணவி கீல் போன்ற புரதம் ஒன்றை வடிவமைத்தார். சும்மா இருக்கையில் மூடியிருக்க வேண்டும், சிறு பெப்டைடு (குட்டி அமினோ அமிலச் சங்கிலி) வந்து ஒட்டினால் திறக்க வேண்டும். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் அதிக நம்பக மதிப்பெண் கொடுத்த அமினோ அமில வரிசைகளை மட்டும் பொறுக்கி ஜீனுக்கு ஆர்டர் போட்டார். ஈ.கோலை பாக்டீரியாவில் புரதம் நன்றாகவே விளைந்தது. சூடேற்றிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்: "சார், தொண்ணூத்தஞ்சு டிகிரியிலயும் மடிப்பு பிரியலீங்க!" எனக்கு அப்போதே திக்கென்றது. நினைத்தபடியே, எவ்வளவு பெப்டைடு சேர்த்தும் ஃபிரெட் அளவீடு (புரதத்தில் ஏற்றிய இரு சாயங்களின் இடைவெளியை ஒளியால் காட்டுவது) இம்மியும் நகரவில்லை. ஜீனுக்குக் கொடுத்த பணமும் பல மாத உழைப்பும் போயின.

புதிதாக வடிவமைத்த புரதத்துக்கு உறுதி பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். 2003இல் அமெரிக்கப் புரத வடிவமைப்பாளர் டேவிட் பேக்கரின் குழு செய்த, 93 அமினோ அமிலங்கள் கொண்ட டாப்7 என்ற புரதம் கொதிநிலையை நெருங்கியும் குலையவில்லை. ஆனால் எந்திரம் அசைய வேண்டுமே! மூடிய நிலை ஒரு மோலுக்கு 10 கிலோகலோரி கூடுதல் உறுதியோடு இருந்தால், அறை வெப்பத்தில் சுமார் இரண்டு கோடி மூலக்கூறுகளில் ஒன்றுதான் தானாகத் திறந்திருக்கும். பெப்டைடு ஒட்டுவதில் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி கதவைத் திறக்கவே செலவாகிவிடும்.

அதனால் திறந்த வடிவம், மூடிய வடிவம் இரண்டுக்கும் சேர்த்தே ஒரு வரிசையைத் தேடுங்கள். வடிவத்துக்கு ஏற்ற வரிசையைத் தேடித்தரும் புரோட்டீன்எம்பிஎன்என் மென்பொருளில் இது முடியும். 2023இல் பேக்கர் ஆய்வகம் வெளியிட்ட கீல் புரதங்கள் அப்படி வந்தவைதான். அப்புறம் ஆல்ஃபாஃபோல்டில் பெப்டைடோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே வடிவம் வந்தால், மதிப்பெண் 95 ஆனாலும் சரி, தள்ளிவிடுங்கள்.

திரும்புவதையெல்லாம் மோட்டார் என்பது

2022இல் வந்த அச்சு-சக்கரப் புரதங்கள் வெப்ப அலைவில் பல நிலைகளுக்குத் திரும்பின, அவ்வளவுதான். ஒரே திசையில் சுற்ற செல்லின் எரிபொருளான ஏடிபி மாதிரி ஒன்றிலிருந்து ஆற்றல் உள்ளே வர வேண்டும். உங்கள் எந்திரத்துக்கு எரிபொருள் எது என்று முதலில் எழுதுங்கள்.

ஹிஸ்டிடின் வால்

புரதத்தைப் பிரித்தெடுக்கச் சேர்க்கும் இந்த வாலை அசையும் முனையில் வைக்காதீர்கள்.

சாயம் ஏற்றும் சிஸ்டீன்

ஃபிரெட் சாயம் ஒட்டும் இந்த அமினோ அமிலம் உள்ளே புதைந்திருந்தால் சாயம் ஏறாது. வெளிப்பக்கம் வையுங்கள்.